கூட்டாளி எதற்கு, மென்டர் எதற்கு? புதிதாகத் தொழில் தொடங்குவோர் குழம்பும் இடங்கள்

தொழில் தொடங்கப் போகிறேன் என்று ஓர் இளைஞர் வாய் திறந்தால் போதும், இரண்டு அறிவுரைகள் தவறாமல் வந்து சேரும். ஒன்று, "தனியா இறங்காதே, நல்ல ஆளாப் பார்த்துக் கூட்டுச் சேர்த்துக்கோ." இன்னொன்று, "கூட்டு வியாபாரமா? கடைசியில சண்டையிலதான் முடியும்." இரண்டையும் ஒரே ஆளே வேறு வேறு நாளில் சொல்வதும் உண்டு. கூடவே, "ஒரு மென்டரைப் பிடி" என்பார்கள், அதாவது அனுபவமுள்ள ஒரு வழிகாட்டியை. பிடித்த பிறகு அவரிடம் என்ன கேட்பது, அவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டுமா என்பதை யாரும் சொல்வதில்லை.

ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. முதலீட்டாளர்கள் பொதுவாகத் தனி ஆளைவிட இரண்டு மூன்று பேர் கொண்ட அணியைத்தான் விரும்புகிறார்கள். ஆனால் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்டித் தொடங்கிய நிறுவனங்களை வைத்து ஜேசன் கிரீன்பர்க், ஈதன் மாலிக் என்ற இருவர் செய்த ஆய்வில், தனி ஆள் தொடங்கிய நிறுவனங்கள் அணியாகத் தொடங்கியவற்றைவிட அதிக காலம் தாக்குப்பிடித்தன என்று தெரியவந்தது. அப்படியானால் எதை நம்புவது?

கூட்டு என்பதும் மென்டர் என்பதும் நல்ல குணங்கள் அல்ல, ஏற்பாடுகள். ஏற்பாடு தெளிவாக இருந்தால் பலன் தரும், இல்லையென்றால் அதுவே தொழிலை முடக்கும். அந்த ஏற்பாட்டுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் யார் யார் என்று பார்ப்போம்

ஆறு வகை ஆட்களைப் புதியவர்கள் அடிக்கடி ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. இணை நிறுவனர்: ஆரம்பத்திலேயே உள்ளே இருப்பவர். சம்பளம் இல்லாமலோ குறைந்த சம்பளத்துக்கோ உழைத்து, அதற்குப் பதிலாக நிறுவனத்தில் கணிசமான பங்கு வைத்திருப்பவர். லாபமும் நட்டமும் அவரையும் சேரும்.
2. ஆரம்பகால ஊழியர்: சம்பளத்துக்கு வருபவர். சிறிய பங்கும் கிடைக்கலாம்.
3. முதலீட்டாளர்: பணம் போட்டவர். போட்டது பெருக வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதில் தவறில்லை.
4. அட்வைசர்: குறிப்பிட்ட ஒரு விஷயத்தில், உதாரணமாக வரி, மருந்து அனுமதி, ஏற்றுமதி போன்றவற்றில், ஒப்பந்தம் போட்டு ஆலோசனை தருபவர்.
5. கோச்: உங்கள் தொழிலைவிட உங்களைக் கவனிப்பவர். நீங்கள் கூட்டம் நடத்தும் விதம், கோபப்படும் இடம், தள்ளிப்போடும் வேலை இதெல்லாம் அவர் கணக்கில் வரும்.
6. மென்டர்: நீங்கள் போகும் பாதையில் ஏற்கெனவே நடந்தவர். பெரும்பாலும் பணம் வாங்காமல், தன் அனுபவத்தை வைத்து வழி சொல்பவர்.

ஒரே ஆள் இரண்டு தொப்பி போட்டுக்கொள்ளலாம். அந்த இடத்தில்தான் சிக்கல் வரும், கீழே பார்ப்போம்.

வயது குறைவு என்றால் உண்மையில் எது குறைவு?

கல்லூரி விடுதி அறையில் தொடங்கிய நிறுவனங்களின் கதைகளை நாம் அதிகம் கேட்டிருக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பியர் அசூலே உள்ளிட்ட நால்வர் அமெரிக்க நிறுவனத் தரவுகளை வைத்துச் செய்து 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மிக வேகமாக வளர்ந்த, அதாவது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கும்போதே 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்திருந்தால் வெற்றி வாய்ப்பு கூடியது என்பதும் அதில் தெரிந்தது.

இருபத்தைந்து வயதுக்காரருக்கு 45 வயதுக்காரரைவிட அறிவு குறைவு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அவரிடம் இல்லாதவை மூன்று: துறையில் நான்கு பேரைத் தெரிந்திருப்பது, வேலை கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று ஒருமுறை பார்த்திருப்பது, எது சகஜம் எது ஆபத்து என்று பிரித்துப் பார்க்கும் கண். முதலாவதை அணி ஓரளவு ஈடுகட்டும். மற்ற இரண்டுக்கும் மென்டர் வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம் என்பது என் எண்ணம். முதல் பெரிய வாடிக்கையாளர் பணம் தர 60 நாள் இழுத்தடித்தால் அது ஏமாற்றா, துறையின் வழக்கமா? புதிதாக வந்த ஊழியர் 4 மாதத்தில் போய்விட்டால் நம்மிடம் கோளாறா, அல்லது எல்லா இடத்திலும் நடப்பதா? முதல் தடவை பார்ப்பவருக்கு எல்லாமே தீ விபத்தாகத் தெரியும், அல்லது எதுவுமே உறைக்காது. "இதெல்லாம் நடக்கும், விடுங்கள்" என்றும், "இதை இன்றைக்கே நிறுத்துங்கள்" என்றும் சரியான நேரத்தில் சொல்ல ஓர் ஆள் இருந்தால், மிச்சமாவது பல மாதங்கள்.

ஆள் கூடினால் பலம் கூடுமா?

கூடும். ஆனால் ஆள் கூடும் அளவுக்குக் கூடாது. பிரான்ஸைச் சேர்ந்த ரிங்கல்மேன் என்பவர் கயிறு இழுக்க வைத்துச் செய்த பரிசோதனை 1913-ல் வெளியானது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும்போது காட்டிய பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் காட்டினார்கள். மற்றவர் இழுத்துக்கொள்வார் என்ற நினைப்பு ஒரு காரணம், எல்லோரும் ஒரே நொடியில் இழுக்க முடியாதது இன்னொன்று.

பேச்சுவார்த்தையின் கணக்கும் இதே கதைதான். மூன்று பேர் இருந்தால் இருவருக்கு இருவர் பேசும் வழிகள் 3. ஐந்து பேருக்கு 10. பத்துப் பேருக்கு 45. ஆள் சேரச் சேர, வேலை செய்யும் நேரத்தைச் செய்தி சொல்லும் நேரம் தின்ன ஆரம்பிக்கும். ஆகவே ஓர் அணியின் தரம் தலை எண்ணிக்கையில் இல்லை. இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்.

1. திறமைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றனவா? மூன்று புரோகிராமர்கள் சேர்ந்து தொடங்கினால் மென்பொருள் அருமையாக வரும், விற்க ஆள் இருக்காது. நண்பர்கள் சேர்ந்து தொடங்கும் நிறுவனங்களில் இது அதிகம், ஏனென்றால் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.
2. கெட்ட செய்தி மேலே வந்து சேருகிறதா? எமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக வேலை செய்யும் அணிகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. முதலில் தலைகீழாகத் தெரிந்த இதற்கு அவர் கண்ட விளக்கம்: அந்த அணிகள் அதிகம் தவறு செய்யவில்லை, தவறைப் பயமின்றி வெளியே சொன்னார்கள். இளம் நிறுவனத்தில் சர்வர் விழுந்ததை நிறுவனர் மறுநாள் வாடிக்கையாளர் வாயால் தெரிந்துகொள்கிறார் என்றால், தொழில்நுட்பத்தைச் சரிசெய்வதற்கு முன் கவனிக்க வேண்டியது வேறு ஒன்று.

அணி என்றால் இணை நிறுவனர்தான் என்ற எண்ணமும் தேவையில்லை. ஜெஃப் பெசோஸ் 1994-ல் அமேசானைத் தனி நிறுவனராகவே தொடங்கினார். தொழில்நுட்பப் பக்கத்தைக் கட்டியெழுப்ப ஷெல் கேஃபன் முதல் ஊழியராக வந்தார். திறமை தேவை என்பது ஒரு கேள்வி, அதற்குப் பங்கு கொடுத்துத்தான் ஆக வேண்டுமா என்பது முற்றிலும் வேறு கேள்வி.

பங்கு பிரிக்கும் இடத்தில் நட்பு பேசக் கூடாது

கூட்டுகள் உடைவதில் பெரும்பகுதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இரண்டு நண்பர்கள் தொடங்குகிறார்கள். "ஆளுக்குப் பாதி" என்று ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிறார்கள். பாதிப் பாதி என்பதில் தவறு இல்லை. அதற்கு வந்த வழி முகதாட்சண்யமாக இருந்தால்தான் தவறு. தாமஸ் ஹெல்மன், நோம் வாசர்மன் இருவரும் ஆராய்ந்தபோது, சமமாகப் பிரித்துக்கொண்ட அணிகளுக்கு முதல் சுற்று முதலீட்டின்போது நிறுவனத்துக்கு மதிப்பு குறைவாகவே கிடைத்திருந்தது. சமப் பங்குதான் மதிப்பைக் குறைத்தது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. கடினமான பேச்சைத் தவிர்க்கும் அணி என்பதற்கு அது ஓர் அடையாளமாக இருக்கலாம். தங்களுக்குள்ளேயே பேரம் பேசத் தயங்குகிறவர்கள் வெளியாட்களிடம் எப்படிப் பேசுவார்கள் என்று முதலீட்டாளர் நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

பேச வேண்டியது முதலில் பங்கின் அளவு அல்ல, பங்கு எப்போது சொந்தமாகிறது என்பது. இதற்குப் பெயர் வெஸ்டிங். பரவலாக இருக்கும் வழக்கம் 4 ஆண்டு வெஸ்டிங், 1 ஆண்டு கிளிஃப். அதாவது பங்கு உங்கள் பெயரில் இருந்தாலும், 4 ஆண்டு வேலை பார்க்கப் பார்க்க மாதாமாதம் சிறிது சிறிதாகத்தான் முழுசாக உங்களுடையதாகும். முதல் ஆண்டு முடியும் முன் போய்விட்டால் ஒன்றும் கிடையாது. முதல் ஆண்டு முடிந்த அன்று நான்கில் ஒரு பகுதி மொத்தமாகச் சேரும்.

எண்ணாகப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ஆளுக்கு 50 சதவீதம் உள்ள இருவரில் ஒருவர் விலகுகிறார் என்று வையுங்கள்.

1. வெஸ்டிங் இல்லை, 8-வது மாதத்தில் விலகுகிறார்: 50 சதவீதமும் அவரிடமே இருக்கும். மிச்சமிருப்பவர் அடுத்த பத்தாண்டு உழைத்தாலும் பாதி விலகியவருக்கு. இப்படிப்பட்ட நிறுவனத்தில் பணம் போட வெளியாள் யாரும் எளிதில் வர மாட்டார்.
2. வெஸ்டிங் உண்டு, 8-வது மாதத்தில் விலகுகிறார்: கிளிஃப் தாண்டவில்லை, பூஜ்யம்.
3. வெஸ்டிங் உண்டு, 18-வது மாதத்தில் விலகுகிறார்: 48 மாதத்தில் 18 மாதம் முடிந்திருக்கிறது. 50 சதவீதத்தில் அந்த அளவு, அதாவது நிறுவனத்தில் 18.75 சதவீதம், அவருக்கு. செய்த வேலைக்கு மரியாதை, மீதி நிறுவனத்துக்கே திரும்பும்.

இதை எழுத்தில் கொண்டுவரும் சட்ட வடிவம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு வக்கீல் வேண்டும். ஆனால் வக்கீலிடம் போகும் முன் இருவரும் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். "என்னை நீ நம்பவில்லையா?" என்ற கேள்வி கட்டாயம் எழும். சரி, பதில் எளிது: ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கும்போதுதான் இதை அமைதியாகப் பேச முடியும். நோய், குடும்பம், வெளிநாட்டு வேலை என்று யார் வேண்டுமானாலும் விலக நேரலாம். அதற்குக் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை.

எழுதாமல் விட்டால் என்ன விலை என்பதற்குப் பொதுவெளியில் உள்ள உதாரணம் ஸ்னாப்சாட். ஆரம்பக் கட்டத்தில் உடனிருந்த ரெஜி பிரௌன், தன்னை ஒதுக்கிவிட்டதாக 2013-ல் வழக்குப் போட்டார். 2014-ல் சமரசம் ஆனது. 2017-ல் பங்குச் சந்தைக்கு வரும்போது நிறுவனம் வெளியிட்ட ஆவணத்தில்தான் தொகை தெரிந்தது: 15.75 கோடி டாலர்.

எழுதினால் மட்டும் போதுமா? என்ன வடிவத்தில் என்பதும் முக்கியம். 1976 ஏப்ரலில் ஆப்பிள் தொடங்கியபோது ஸ்டீவ் ஜாப்ஸ், ஸ்டீவ் வாஸ்னியாக் இருவருக்கும் தலா 45 சதவீதம், ரொனால்ட் வேய்னுக்கு 10. ஒப்பந்தத்தை எழுதியவரே வேய்ன்தான். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, 800 டாலர் வாங்கிக்கொண்டு விலகிவிட்டார். இன்று அதைப் பெரிய முட்டாள்தனம் என்று கேலி செய்கிறார்கள். ஆனால் அன்று அது கூட்டாண்மை நிறுவனம். ஜாப்ஸ் வாங்கும் கடனுக்குக் கூட்டாளிகள் சொந்தச் சொத்தைக் கொண்டும் பொறுப்பேற்க வேண்டும். மூவரில் இழக்கச் சொத்து இருந்தவர் வேய்ன் மட்டும்தான். ஒரே காகிதம், மூவருக்கும் ஒரே ஆபத்து இல்லை. கூட்டுச் சேரும்போது "உனக்கு என்ன கிடைக்கும்" என்பதோடு "உனக்கு என்ன போகும்" என்பதையும் ஆளுக்கு ஆள் கேட்க வேண்டும்.

யார் சொல் கடைசிச் சொல்?

இது சின்னப் பகுதி, ஆனால் விடக் கூடாது. விலை, ஆள் எடுப்பது, செலவு, தயாரிப்பில் மாற்றம் என்று ஒவ்வொன்றிலும் கருத்து வேறுபட்டால் யார் முடிவு செல்லும் என்று முன்கூட்டியே குறித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்து முடிவெடுப்போம் என்பது கேட்க நன்றாக இருக்கும். பாதிப் பாதி உள்ள இருவரிடம் அது முட்டுக்கட்டை என்பதற்கு இன்னொரு பெயர்.

அப்புறம், சண்டை வந்தாலே கூட்டு முடிந்தது என்று பதற வேண்டாம். புரூஸ் டக்மன் என்ற உளவியலாளர் 1965-ல் அணிகளின் வளர்ச்சியை நான்கு கட்டமாகப் பிரித்தார்: சேர்தல், மோதல், வழக்கம் உருவாதல், வேலை ஓடுதல். மோதல் இரண்டாவது கட்டம். முதல் சில மாதங்களின் உற்சாகம் வடிந்ததும் அது வருவது சகஜம். ஒரே விஷயத்தில் திரும்பத் திரும்ப மோதினால்தான் யோசிக்க வேண்டும், அநேகமாக அந்த விஷயத்தில் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்று எழுதாமல் விட்டிருப்பார்கள்.

மென்டரிடம் என்ன கேட்பது?

மென்டர் கிடைக்கவில்லை என்று புலம்புவோரைவிட, கிடைத்த மென்டரை வீணாக்குவோர் அதிகம். பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு.

"எங்கள் ஐடியா எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது, விடாமல் செய்யுங்கள்" என்ற பதில்தான் வரும். அவருக்கும் வேறு வழியில்லை. அதையே இப்படிக் கேட்கலாம்: "மூன்று மாதத்தில் 40 பேர் வாங்கினார்கள். 28 பேர் இரண்டாவது தடவை வரவில்லை. பத்துப் பேரிடம் பேசினோம், ஆறு பேர் விலை அதிகம் என்கிறார்கள், நான்கு பேர் பயன்படுத்தத் தெரியவில்லை என்கிறார்கள். நாங்கள் விலையைக் குறைக்க நினைக்கிறோம். நீங்கள் இதைப் பார்த்தால் எங்கே முதலில் கை வைப்பீர்கள்?" இந்தக் கேள்விக்கு அனுபவசாலி நிமிர்ந்து உட்காருவார். விலை அதிகம் என்று சொல்பவர்கள் உண்மையில் பயன் புரியாதவர்களாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றும், அந்த ஆறு பேர் எத்தனை நாள் பயன்படுத்தினார்கள் என்று திருப்பிக் கேட்பார். பலன் அந்தத் திருப்பிக் கேட்பதில் இருக்கிறது.

நல்ல மென்டர் பதிலைவிடக் கேள்வியைத்தான் அதிகம் தருவார் என்பதற்கு வீடுகளைக் குறுகிய கால வாடகைக்கு விட உதவும் தளமான ஏர்பிஎன்பியின் தொடக்க நாட்கள் நல்ல சான்று. 2009-ல் அதன் நிறுவனர்கள் ஒய் காம்பினேட்டர் என்ற ஆக்சிலரேட்டரில், அதாவது புதிய நிறுவனங்களுக்குச் சிறு முதலீடும் வழிகாட்டலும் தரும் அமைப்பில், இருந்தபோது அவர்களுக்கு வருமானம் சொற்பம். ஒய் காம்பினேட்டரின் நிறுவனர்களில் ஒருவரான பால் கிரஹாம் கேட்டது, உங்கள் பயனர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று. நியூயார்க் என்றார்கள். பிறகு இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதுதான் அடுத்து வந்தது. நிறுவனர்கள் நியூயார்க் போய், வீடு வாடகைக்கு விடுபவர்களை நேரில் பார்த்து, வீடுகளை நல்ல முறையில் படம் எடுத்துப் போட்டார்கள். வருமானம் ஏறத் தொடங்கியது.

ஒருவருக்கு மேல் மென்டர் இருந்தால் வேறொரு தலைவலி. ஒருவர் "சீக்கிரம் விரிவாக்கு" என்பார், அடுத்தவர் "ஒரே ஊரில் நிலைத்து நில்" என்பார். ஆக்சிலரேட்டர்களில் இது தினசரிக் காட்சி, இதற்கு மென்டர் விப்லாஷ் என்று பெயரே உண்டு. இதில் யார் பெரியவர் என்று பார்த்துப் பயனில்லை. "என்ன செய்ய வேண்டும்" என்பதை விட்டுவிட்டு, "உங்களுக்கு இப்படி நடந்தபோது என்ன பார்த்தீர்கள்" என்று இருவரிடமும் கேளுங்கள். பெரும்பாலும் இருவர் பார்த்த சூழ்நிலையும் வேறாக இருக்கும். உங்களுடையது எதை ஒத்திருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மென்டரோ கோச்சோ இளைஞருக்கு மட்டும் என்பதும் இல்லை. 2001-ல் கூகுளின் தலைமைப் பொறுப்புக்கு எரிக் ஷ்மிட் வந்தபோது அவர் நாற்பதைத் தாண்டிய அனுபவசாலி. கோச் வைத்துக்கொள்ளச் சொல்லி முதலீட்டாளர் ஜான் டோர் பரிந்துரைத்தபோது அவருக்கு அது ரசிக்கவில்லை. அப்படி வந்து சேர்ந்தவர் பில் கேம்ப்பெல், ஒரு காலத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் பயிற்சியாளர்.

மென்டர் யார் பக்கம்?

இதை முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். மறுபடியும் ஆப்பிளைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1977-ல் ஆப்பிளுக்குள் வந்தார் மைக் மார்க்குலா. முப்பதுகளில் இருந்தவர், இன்டெல்லில் வேலை பார்த்துச் சம்பாதித்துவிட்டு ஓய்வில் இருந்தவர். முதலீடும் கடனுமாக 2,50,000 டாலர் ஏற்பாடு செய்தார், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவருக்கு. தொழில் திட்டம் எழுத உதவினார். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டு வர மனமில்லாத வாஸ்னியாக்கை முழுநேரமாக வரச் சொல்லி வற்புறுத்தினார். மைக்கேல் ஸ்காட்டை முதல் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார். இருபதுகளில் இருந்த இருவருக்கு இல்லாதது எல்லாம் அவரிடம் இருந்தது.

1985-ல் ஜாப்ஸுக்கும் தலைமை நிர்வாகி ஜான் ஸ்கல்லிக்கும் மோதல் முற்றியபோது, இயக்குநர் குழு ஸ்கல்லி பக்கம் நின்றது. அந்தக் குழுவில் மார்க்குலாவும் இருந்தார், அவரும் அதே பக்கம். துரோகம் என்று இதைச் சொல்லிவிடலாம், ஆனால் விஷயம் அதுவல்ல. இயக்குநர் குழுவில் அமர்ந்தவரின் கடமை நிறுவனத்துக்கு, நிறுவனருக்கு அல்ல. முதலீட்டாளரோ இயக்குநரோ உங்களுக்கு எவ்வளவு நல்ல வழிகாட்டியாக இருந்தாலும், உங்கள் நலனும் நிறுவனத்தின் நலனும் பிரியும் நாளில் அவர் எங்கே நிற்பார் என்பது முன்பே தீர்மானமாகிவிட்ட ஒன்று. எனவே பணம் போட்ட வழிகாட்டி ஒருவர் இருந்தாலும், உங்கள் நிறுவனத்தில் ஒரு பைசாகூடப் பங்கு இல்லாத இன்னொருவரும் வேண்டும். "நான் இந்த வேலையை விட்டுவிடலாமா?" என்ற கேள்வியை முதலாமவரிடம் கேட்க முடியாது.

காலக்கெடு, கூலி, விலகல்

1. எவ்வளவு நாள்: ஆறு மாதம், மாதம் ஒரு சந்திப்பு என்று தொடங்குவது இருவருக்கும் வசதி. காலம் முடிந்ததும் தொடரலாமா என்று பேசிக்கொள்ளலாம். கெடு இல்லாத உறவு மெல்லத் தேய்ந்து, யார் முதலில் கூப்பிடுவது என்ற சங்கடத்தில் நிற்கும்.
2. கூலி: மென்டர் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. ஒப்பந்தம் போட்ட அட்வைசருக்குப் பங்கு தருவது உண்டு, வழக்கமாக 1 சதவீதத்துக்குள், அதுவும் வெஸ்டிங்குடன். முதல் சந்திப்பிலேயே 5 சதவீதம் கேட்பவரிடம் நன்றி சொல்லி எழுந்துவிடலாம்.
3. தகவல்: அவர் சொன்னதைச் செய்தீர்களோ இல்லையோ, என்ன முடிவெடுத்தீர்கள், என்ன ஆனது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். செய்யவில்லை என்றால் ஏன் என்பதையும் எழுதுங்கள். அடுத்த சந்திப்புக்கு அவர் நேரம் ஒதுக்குவது பெரும்பாலும் இந்த நான்கு வரியைப் பொறுத்தது.
4. முடிவு யாருடையது: கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் யாரோ அவருடையது. "மென்டர் சொன்னார், செய்தோம்" என்ற விளக்கத்தை வங்கியும் ஏற்காது, ஊழியரும் ஏற்க மாட்டார்.